முதலாளி உட்கார்ந்த ஒன்றாம் எண்

குதிரைப்பாலைப் புளிக்கவைத்துப் புட்டியில் அடைக்கும் கம்பெனி ஒன்று நாரின் என்ற மலையூரில் இருந்தது. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, கிடங்குக் கேமராக்கள் எல்லாம் அங்கே ஒரே கணினி வலையில் கிடந்தன. கேமராக்கள் பகல் முழுக்கக் காலிப் புட்டிகளைப் படம் பிடித்துச் சர்வருக்கு அனுப்பும். அந்த நெரிசலில் பக்கத்து மேசைக்குப் போட்ட மெயில் போய்ச் சேர்வதற்குள் போட்டவருக்குத் தாடி முளைத்துவிடும். கணக்கு மேலாளர் சைராகுல் அக்காவுக்கே லேசாக முளைத்ததாக விற்பனைப் பிரிவில் சத்தியம் செய்கிறார்கள்.

கணினிகளுக்குப் பொறுப்பு பெகிமாய். மறுநாள் மலைமேல் சோன்-கோல் ஏரிக்கரையில் குதிரைப் பந்தயம். அவளுடைய சாம்பல் குதிரை, வேறு யார் ஏறினாலும் படுத்துத் தூங்கிவிடும்.

"வலை நெரிசல் தீராம நீ லீவு போட்டு மலையேற முடியாது, தங்கச்சி," என்றார் முதலாளி டொக்டோசுன். "சர்வருக்கு இன்னொரு நெட்வொர்க் கார்டும் வாங்க மாட்டேன்."

"வேணாம்ணே. இருக்கிற கார்டுக்கே விலேன்னு வலையைப் பிரிக்கிற வித்தை தெரியும். ஒரே கம்பியில நாலு வலை ஓட்டலாம்."

"எப்படி?"

"உங்க ஆடும் உங்க மச்சான் ஆடும் ஒரே பாதையிலதானே மேய்ச்சலுக்கு ஏறுது? காதுல வெட்டின அடையாளத்தைப் பாத்துப் பிரிக்கறீங்கல்ல. அதே மாதிரி ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண். கார்டும், கம்பியெல்லாம் வந்து சேர்ற சுவிட்சும் அதைப் பாத்துப் பிரிச்சிடும்."

"என் மச்சான் முழுக் காதையும் வெட்டிட்டு எல்லாம் என் ஆடும்பான். சரி, செய்."

கணக்குக்குப் பத்து, விற்பனைக்கு இருபது, கேமராவுக்கு முப்பது என்று எண் கொடுத்தாள்.

"எனக்கு?"

"நாப்பது."

முதலாளி முகம் சுருங்கியது. "நான் நாப்பதாவது ஆளா? ஒண்ணு யாருக்கு?"

"யாருக்கும் இல்லண்ணே, அது வந்து..."

"அப்ப எனக்கு."

விடுப்பு அவர் கையில் இருந்தது. பெகிமாய் ஒன்றாம் எண்ணையே கொடுத்தாள்.

வலை பறந்தது. சைராகுல் விசையைத் தொடும் முன்பே கூட்டல் முடிந்து நின்றது. ஆனால் எண் கொடுக்காத எல்லாமே ஒன்றில்தான் வந்து விழும். விருந்தாளிகளின் கைபேசி, வாசல் மணி, தண்ணீர் இயந்திரம் எல்லாம் முதலாளியின் வலையில் குடியேறின. அவருடைய பிரிண்டர் யாரோ ஒட்டகத்தோடு எடுத்துக்கொண்ட படத்தையும் பால் வண்டி ஓட்டுநரின் கல்யாணப் பத்திரிகையையும் அச்சடித்துத் தள்ளியது. காகிதக் குவியலில் கதவு திறக்கவில்லை. முதலாளி சாப்பாட்டுக்கு ஜன்னல் வழியாக இறங்கி வந்தார்.

"லீவு கிடையாது!" என்றார் வந்ததும்.

விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலாளி வழக்கம்போலக் கதவுக்கு எதிர்க்கோடியில், மரியாதைக்குரிய இடத்தில். வயதில் சின்னவளான பெகிமாய் கதவோரம் தேநீர் ஊற்றினாள். வருகிற ஒவ்வொருவரும் அவள் பாவாடையை மிதித்தார்கள். ஒருவர் தன் கோட்டை அவள் தலைமேலேயே போட்டார். வழி கேட்க வந்த ஓர் ஆளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினான். தேநீர் வழிந்து அவன் முழங்காலில் கொட்டியது.

"அண்ணே, நீங்க ஏன் கதவோரம் உக்காரல?" என்று கேட்டாள் பெகிமாய்.

"தலை கிலை சுத்துதாடி?" என்றாள் சைராகுல்.

"வலையில அண்ணன் கதவோரந்தான் உக்காந்திருக்கார், அக்கா. ஒண்ணுங்கறது வாசப்படி. யார் வந்தாலும் முதல்ல அங்கதான் மிதிப்பாங்க. உள்கோடி இடம் நாலாயிரத்துத் தொண்ணூத்து நாலு. அதுக்கு மேல எண்ணே கிடையாது."

முதலாளி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னையக் கதவோரம் உக்கார வெச்சியா?"

"நீங்களா வந்து உக்காந்தீங்க."

சைராகுலுக்கு மூக்கு வழியாகத் தேநீர் வந்தது.

தேநீர் ஆறுவதற்குள் முதலாளி வலையிலும் உள்கோடி எண்ணுக்குப் போய்விட்டார். பிரிண்டர் அடங்கியது. விடுப்பும் கிடைத்தது. வண்டியேறப்போன பெகிமாயின் கையைச் சைராகுல் பிடித்தாள். "ஏண்டி, நான் பத்தாம் எண்ணாமே? நாலாயிரத்துத் தொண்ணூத்து மூணு காலியாத்தானே இருக்கு?"

அதையும் மாற்றிவிட்டுத்தான் போனாள்.

பந்தயத்தில் சாம்பல் குதிரை கடைசியாக வந்தது. திரும்பி வந்தவளை முதலாளி தட்டிக்கொடுத்தார்: "விடு தங்கச்சி. கடைசி இடந்தானே கதவுக்கு ரொம்பத் தூரம்!"