பழுப்புக் குள்ளனின் வயது

நட்சத்திரமாக எடை போதாமல் ஆறிக்கொண்டே போவது பழுப்புக் குள்ளன். வெப்பத்தை மட்டும் வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது. லேசான இளசுக்கும் கனத்த கிழத்துக்கும் ஒரே சூடு இருக்கலாம். அதன் ஒளியைப் பிரித்து வரைந்த நிறமாலைக் கோட்டில் பொட்டாசியம் உண்டாக்கும் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமில்லையென்றால் ஈர்ப்பு குறைவு, வயதும் குறைவு.

நான் ஆராய்ந்த குள்ளனில் பள்ளங்கள் ஆழமில்லை. "மூணு கோடி வருஷம்தான். பச்சைக் குழந்தை," என்று எங்கள் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் சொன்னேன்.

திரையிலேயே ஒட்டிக்கிடப்பதால் பல்லி என்று பெயர் வாங்கிய, குழுவில் மூத்த அண்ணன் மட்டும், "எனக்கென்னவோ வயசானதாத் தெரியுதும்மா," என்றார்.

"கண்ணாடிய மாத்துங்கண்ணே. பல்லி சொன்னா பலிக்கும்னெல்லாம் இங்க கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பெரிய தொலைநோக்கியில் இரண்டு வருடம் காத்திருந்து அவர் வாங்கிய மூன்று இரவுகளை குழுத்தலைவி மேடம் என் குள்ளனுக்கு மாற்றினார். யாருக்கு எந்த இரவு என்ற பட்டியல் பத்து நாளில், மாலை ஐந்து மணிக்கு முடிவாகும்.

அந்தப் பத்தாம் நாள் மதியம், கட்டுரைக்குப் படம் வரைய மூலக் கோப்பைத் திறந்தேன். பள்ளங்கள் கிணறு மாதிரி இறங்கியிருந்தன.

கூட்டத்தில் காட்ட அழகாக இருக்கட்டும் என்று பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, கோட்டை இஸ்திரி போட்டதுபோல் ஆக்கியிருந்தேன். அதில் பள்ளங்களும் தூர்ந்துவிட்டன. இஸ்திரி போட்ட அந்தக் கோப்பிலேயே வயதையும் அளந்திருக்கிறேன். சூடு மாறவில்லை. வயதுதான் பல நூறு கோடி. கிழவனுக்குச் சுருக்கம் எடுத்து வாலிபனாக்கியது நான்.

மூலக் கோப்பை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதை நினைத்ததற்கும் சேர்த்துக் காது சுட்டது.

மேடம் அறைக்குப் போனேன். அண்ணன் அங்கேதான், என் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தேன்.

மேடம் மணியைப் பார்த்தார். "நாலே கால். பட்டியல்ல மறுபடி அவர் பேரப் போடச் சொல்றேன்," என்று போனை எடுத்தார்.

அண்ணனுக்கு அதிர்ச்சியே இல்லை. "கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே மூலக் கோப்புல அளந்து பாத்தேன்," என்றார்.

"அப்போ ஏண்ணே சொல்லல?"

"சொன்னேனேம்மா."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில்தான். அவர் மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்காமலே நான் அவர் முதுகைப் பார்த்தபடி நின்றேன்.