கதகதப்பா இருக்கும்

ஸ்வெட்டர் விற்க ஜுனைதீன் முதலாளி எனக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

“வாற ஆளுக்கிட்ட ‘கதகதப்பா இருக்கும்’னு மட்டும் சொல்லு புள்ள. மிச்சத்த பண்டாரவளைக் குளிர் பாத்துக்கும்.”

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு கிடைத்த முதல் வேலை. ஆனாலும் கடையில் அந்தச் சொல் என் வாயில் வராது. அது அம்மா சொல்கிற சொல். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி என் சட்டையைப் போட்டு வைத்து, விடிந்ததும் எடுத்து நீட்டுவாள். “இந்தா, கதகதன்னு இருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள போட்டுக்க.”

அன்று ஒரு டீச்சர் நீல ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார். நான் கிட்டப் போய் எப்படியோ சொல்லிவிட்டேன். “கதகதப்பா இருக்கும் மிஸ்.”

அவர் மூக்கைச் சுருக்கினார். “புகை நாத்தம் அடிக்குதே? பழைய சாமானா?” ஸ்வெட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அதை முகர்ந்து பார்த்தார். துணி அளந்துகொண்டிருந்த ஷப்ராஸ் நானாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். “உள்ளுக்க சிகரட் குடிச்சியா?”

“வல்லாஹி இல்ல முதலாளி!”

“அது என் சட்டையில இருந்து வருதுங்க” என்றேன்.

ஷப்ராஸ் நானா சிரித்தார். “நான் யாரோ கருவாடு சுடுறாங்கன்னுல்ல நெனச்சேன்!”

முதலாளி சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நாளைக்கு வாடை இல்லாம வா புள்ள. இல்லாட்டி ஒன்ன வச்சிக்க ஏலாது.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். “இனிமே என் சட்டைய அடுப்புல போடாத. நாறுது. வேல போயிரும்.”

அம்மா தன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள்.

அன்றைக்கும் மழை. துவைத்த சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில், தோட்டத்துப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் அம்மா என்னை எழுப்பினாள். சேலைக்குள் வயிற்றோடு சுற்றியிருந்த என் சட்டையை அவிழ்த்தாள். இராத்திரி முழுக்க அந்த ஈரத்தோடுதான் படுத்திருக்கிறாள். உதடு வெளுத்திருந்தது.

“அடுப்புப் பக்கமே கொண்டு போகல பாப்பா. மோந்து பாரு.”

சட்டை கதகதப்பாக இருந்தது. புகை வாடையும் இருந்தது. அடுப்பின் வாடை அம்மாவின் உடம்பிலேயே ஏறியிருந்தது.

“இப்ப நாறலதானே?”

“இல்லம்மா.”

அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலை முழுக்கத் திறந்து, காற்றுப் படும்படி சட்டையை இழுத்துப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் குளிருது என்று திட்டினார். நான் மூடவில்லை.

முதலில் சூடுதான் போனது.