கடல்பச்சைப் பனியன்

திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பனியன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை விழுந்தது, கோடு விழுந்தது என்று கழித்த பனியன்களை முதலாளி எடைக்குப் போடுவார். மனசு வந்தால் நாலைந்தை வேலையாட்களுக்குக் கொடுப்பார். முதலாளி தமிழ்செல்வனுக்கு அந்த மனசு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு சாக்கு நிறையக் கழித்த பனியனைக் கொண்டுவந்து செக்கிங் மேஜையில் வைத்தபோதே, அங்கே வேலை பார்த்த விஜயராணி சுதாரித்திருக்க வேண்டும். பாவி மகள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் லீவு கேட்கப் போயிருந்தாள். அவளுடைய ஊர் தெற்கே கடலோரத்துத் தோப்புமுனை. அதற்கு நேர் எதிரே நடுக்கடலில் ஒரு பெரிய பரப்பை அரசு ஏலம் விட்டு, எரிவாயு தோண்ட ஒரு கம்பெனிக்கு ஒதுக்கியிருந்தது. கடலைக் கொடுத்துவிட்டுக் கடல்காரர்களிடம் கருத்துக் கேட்பதுதான் முறையாம். அந்தக் கூட்டத்தில் தோப்புமுனைக்காக எதிர்த்துப் பேச ஊர்க் கமிட்டி அவளுடைய தம்பி ராபினைத்தான் அனுப்பவிருந்தது. அம்மா போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் மைக்கில் பேசுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று பெருமையோடு சொன்னாள்.

"லீவு எதுக்குங்க கண்ணு? போன்லயே பாத்துக்கலாம்" என்றார் தமிழ்செல்வன். "பேசப் போறவியளுக்கு நல்ல துணி வேணுமல்லோ. இந்தா, உங்கூருக்கு அனுப்பி உடு."

கடல்பச்சை நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டி. எழுத்து கிழுத்து எதுவும் இல்லை. யாருக்கான ஆர்டர் என்று செக்கிங்கில் யாருக்கும் தெரியாது. அன்றே பஸ்ஸில் போட்டு அனுப்பினாள். ராபினும் கூட்டாளிகளும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, படம் பிடித்து அனுப்பினார்கள். அவள் அதை மேஜை மேஜையாகக் காட்டினாள்.

கூட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தாள். எரிவாயுக்காரர்கள் எங்கிருந்தோ பஸ்ஸில் ஆள் கூட்டி வந்து, மண்டப வாசலில் வைத்துப் பனியன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல்பச்சை, வெள்ளைக் கழுத்துப்பட்டி. ஆதரிக்கிறவர்களுக்கான பனியன் அது. அவள் சோற்றை மூடி வைத்தாள்.

போலீஸ் நிறத்தைப் பார்த்துத்தான் பிரித்தது. பச்சையெல்லாம் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ராபினையும் கூட்டாளிகளையும் பச்சைக்குள் தள்ளினார்கள். பேர் கூப்பிட்டதும் அவன் மைக்குக்கு ஓடினான். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஊளையிட்டார்கள். "வெல போயிட்டான்டே!" என்று ஒரு செருப்பு வந்து விழுந்தது. பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் பனியனைத் தலைக்கு மேல் உருவத் தொடங்கினான். மேடையில் அவிழ்த்துப் போட்டு ரகளை செய்கிறான் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பனியன் முகத்தை மூடியிருந்தது. தம்பியின் வெறும் வயிறு மட்டும் போனில் தெரிந்தது. அதிகாரி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம், போலீஸ் விட்டதும், ராபின் அழைத்தான்.

"எக்கா, ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"மாதா சத்தியமா தெரியாதுடே."

"நான் நம்புதேன். ஊரு நம்பாது."

மறுநாள் அவள் தமிழ்செல்வன் முன்னால் போய் நின்றாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சேதான் குடுத்தியளா, மொதலாளி?"

அவர் மழுப்பவில்லை. குரல்கூட உயரவில்லை. "தெரியாம இருக்குமாங்க கண்ணு? ஆர்டர் குடுத்த கேஸ் கம்பெனிக்காரிய, உங்கூரு ஆளுகளுக்கும் இதயே போட்டுடச் சொல்லி ஒரு ஒத்தாசை கேட்டாங்க. நாளைக்கும் அவிய மூஞ்சீல முழிக்கோணுமல்லோ. போ சாமி, போய் டீ குடி."

இப்படி மரியாதையாகக் கழுத்தை அறுக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? வேலையை உதறிவிட்டுப் போகலாம்தான். எங்கே போவது? ஊருக்குப் போகிற வழியை அவளே அல்லவா பார்சல் கட்டி அடைத்திருந்தாள்.

தோப்புமுனை ராபினை ஒதுக்கி வைத்தது. எந்தப் படகிலும் அவனை ஏற்றவில்லை. அடுத்த மாதம் அவன் ஒரு பையோடு திருப்பூரில் வந்து இறங்கினான். தமிழ்செல்வன் "வாங்க தம்பி" என்று வாய் நிறையச் சிரித்து, அயர்ன் மேஜையில் நிறுத்தினார். சும்மா சொல்லக்கூடாது, கேட்ட அன்றே வேலை கொடுத்தார்.

மேஜையில் வந்து விழுந்தது கடல்பச்சைப் பனியன். வேறொரு கடலோர ஊரில் அடுத்த கூட்டமாம். விஜயராணி பிரித்துப் பார்த்துத் தள்ள, ராபின் தேய்த்து மடித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோடு விழுந்த ஒன்றை அவள் பழக்கத்தில் தனியே வைத்தாள். அந்தப் பக்கம் வந்த தமிழ்செல்வன் அதை எடுத்து உதறிப் பார்த்தார்.

"தூக்கிப் போட்டறாதீங்க. சேத்து வெச்சீங்கன்னா உங்கூருக்கே அனுப்பீரலாம்."

"எங்களுக்கு ஊரு இல்ல, மொதலாளி" என்றான் ராபின்.

"அப்படீங்களா தம்பி?" என்றார் அவர். "அப்ப எடைக்கே போட்டர்லாமுங்க."