மிதிபடி இன்னும் காயவில்லை

பக்கிரிசாமி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. காப்பார் என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், லோரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடித்துக் கொடுத்துக்கொண்டு தனியாக இருப்பவர். சாமான் பெட்டிக்கு இரண்டு பூட்டு. பூட்டியபின் இழுத்துப் பார்ப்பார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வேலை இல்லாமல் அந்தக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தவர் எவரும் இல்லை. கிள்ளானிலிருந்து மெய்யப்பச் செட்டியார் அந்தக் குதிரை வண்டியைக் கொண்டுவந்து இறக்கும் வரைக்கும்.

செட்டியாரின் பாட்டனார் காலத்துச் சாரட்டு அது. கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய்க்கடியில் கிடந்திருக்கிறது. மரம் தேக்கு, அசையவில்லை. இரும்புதான் போய்விட்டது. ஸ்பிரிங், கதவுக் கீல், விளக்குத் தாங்கி, ஏறுவதற்குக் கால் வைக்கும் மிதிபடி, எதைத் தொட்டாலும் துரு உதிர்ந்தது.

"குதிரை எங்க?" என்றார் பக்கிரிசாமி.

"குதிரைக்கு நான் எங்கண்ணே போவேன்? இதுல ஏறி உக்காரணும். அவ்ளோதான்."

"உக்காந்து?"

"சும்மா உக்காரணும்லா. சின்ன வயசுல ஏற விடமாட்டாங்க. இப்ப தடுக்கறதுக்கு வீட்ல ஆள் இல்ல."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் செட்டியார் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் சேர்க்காத கோப்பி-ஓ இரண்டு பொட்டலம். ஒன்று சீனி போட்டது, பக்கிரிசாமிக்கு. இன்னொன்று கோசோங், சீனி இல்லாதது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துரு உதிர்வதைப் பார்த்தபடி உறிஞ்சுவார்.

"இத குடிக்கறதுக்கு அந்தத் துருத்தண்ணிய குடிக்கலாம் செட்டியாரே."

"அதுல இனிப்பு இருந்தா டாக்டர் அதையும் வேணாம்பாருண்ணே."

காவலுக்கு வருகிறான் மனுஷன் என்றுதான் பக்கிரிசாமி முதலில் நினைத்தார். போகப் போக அந்த நினைப்பு மங்கியது. சனிக்கிழமை மாலையே நாற்காலியைத் துடைத்து வைக்க ஆரம்பித்தார். யாராவது கேட்டிருந்தால் பறவை எச்சம் என்று சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு காலை, கழற்றிய கீலைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது உள்பக்கம் மூன்று உளிவெட்டு தெரிந்தது. விளக்குத் தாங்கியில் இரண்டு. மிதிபடியின் அடியில் நான்கு. ஒவ்வொன்றும் நேற்றுப் போட்டதுபோல் மின்னியது. தேய்த்த இரும்பு முழுக்கத்தான் மின்னியது, அது அவர் கண்ணில் படவில்லை. கோப்பியோடு வந்த செட்டியாரை உட்காரக்கூட விடவில்லை.

"என்னா இது?"

"என்னாண்ணே?"

"நடிக்காதீங்க. ரெண்டு, மூணு, நாலுன்னு அடையாளம் வெட்டித்தானே கொண்டாந்து எறக்கினீங்க? பக்கிரி சாமான மாத்திருவான், பழைய இரும்புக் கடையில போட்டுருவான்னு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. உளிய எப்படிப் புடிக்கறதுன்னு கூட..."

"காவல் காக்க வர்றதா இருந்தா இனிமே வராதீங்க. முடிஞ்சதும் போன் பண்றேன்."

செட்டியார் கோப்பிப் பொட்டலம் இரண்டையும் நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

பக்கிரிசாமி வேலையை விடவில்லை. தொய்ந்த ஸ்பிரிங்கைக் காய்ச்சி வளைவுக்குக் கொண்டுவந்தார். மிதிபடியை வண்டியோடு பூட்டும் உடைந்த காதுக்குப் புது இரும்பு வைத்து ஒட்டினார். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டுவதற்காக, மரத்தில் அப்பியிருந்த பழைய பெயிண்டைச் சுரண்டினார். கீல் உட்கார வேண்டிய இடத்தில், பெயிண்டுக்கு அடியில், மரத்திலும் மூன்று வெட்டு. தாங்கியின் இடத்தில் இரண்டு. மிதிபடிக்கு நான்கு.

கையால் அடித்த இரும்பு. ஒன்றின் துளை இன்னொன்றுக்குச் சேராது. எது எங்கே போகும் என்று, வண்டியைச் செய்தவன் பெயிண்ட் பூசுமுன் வைத்த குறி. அப்போது செட்டியார் பிறந்தே இருக்கமாட்டார். லோரி ஸ்பிரிங்கைக் கழற்றும்போது பக்கிரிசாமியும் இதே வெட்டைத்தான் போடுவார், நேற்றுக்கூடப் போட்டார். ஆனால் அன்றைக்கு அவருக்கு முதலில் தோன்றியது அது அல்ல, சந்தேகம்தான்.

சாமான் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பிறகு போன் போட்டார்.

"செட்டியாரே..." என்றார். "வேலை முடிஞ்சிருச்சு."

"சரிண்ணே. ஆள் அனுப்புறேன்."

மறுநாள் வாசு என்ற லோரி டிரைவர் வந்தான். வண்டியை ஏற்றிக் கட்டியவன் சுற்றிவந்து பார்த்தான்.

"அங்கிள், கால் வைக்கிற இரும்பு எங்க?"

"பெயிண்ட் காயல."

ஆணியில் தொங்கிய மிதிபடியை வாசு தொட்டு, விரலைப் பார்த்தான். "காஞ்சுதானே இருக்கு?"

"காயலன்னா காயல. நீ கெளம்பு."

சாயங்காலம் செட்டியாரே கூப்பிட்டார். "படி இல்லாம நான் எப்படிண்ணே ஏறுவேன்?"

"அது இன்னும் காயல."

"காஞ்சதும் சொல்லுங்க. வாசுவ அனுப்புறேன்."

"டிரைவர்கிட்டல்லாம் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"நான் யாரையும் நம்பறதில்ல."

'அந்த வெட்டு நீங்க போட்டதில்ல' என்று சொல்லப் பக்கிரிசாமி வாயெடுத்தார். அதற்குள், "பாப்போம்லா" என்று செட்டியார் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நாற்காலியைத் துடைத்தார். ஞாயிறு காலையிலிருந்து சாலையில் கார்கள் போய்க்கொண்டே இருந்தன, மீன் வாங்கப் போகிறவர்கள். ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் ஏறியதும் ஆணியிலிருந்து மிதிபடியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். கல்லாகக் காய்ந்திருந்தது.

கறுப்புப் பெயிண்ட் டின்னைத் திறந்தார். குச்சியால் கலக்கி, மிதிபடிக்கு இன்னொரு பூச்சு கொடுத்தார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. அடியிலிருந்த நான்கு வெட்டை மட்டும் பெயிண்ட் மூடாமல் பார்த்துக்கொண்டார். செட்டியார் வந்தால் காட்டவேண்டும்.