நாற்பது கிலோமீட்டருக்கு அவர் பேசியது

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாத ஓர் ஊர், அங்கே ஒரு பெட்ரோல் பங்க், அதன் பின்பக்கக் கழிப்பறை. நான் உள்ளே போகும்போது வெளியே எங்கள் காரும் என் கணவரும் இருந்தார்கள். வெளியே வந்தபோது இரண்டும் இல்லை.

இதை இலக்கியமாகத் தொடங்கத்தான் ஆசை. ‘அந்த நெடுஞ்சாலை ஒரு கரும்பாம்பைப் போல’ என்று எழுதி அடித்துவிட்டேன். சாலை சாலையைப் போலத்தான் இருந்தது. ‘பிரிவு என்பது’ என்று இன்னொன்று. அதைத் தாண்டிப் போவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

[அடித்த வரிகளை அப்படியே விட்டுவைப்பதற்கு மன்னிக்கவும். அச்சகத்தில் பதினெட்டு வருடம் மெய்ப்புத் திருத்தியவள் நான். திருத்தம் இல்லாத தாளைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.]

2

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனி மூன்று மாநிலம் தள்ளிப் புதுக் கிளை திறந்தது. அங்கே சூப்பர்வைசராகப் போகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் என்னிடம் சொன்னார். நான் வேலையை விட்டேன். வீட்டைக் காலி செய்தோம். லாரியில் ஏறாத தலையணைகளையும் மிக்ஸியையும் காரில் அடைத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதல் மாநிலம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது மாநிலத்தில், பலகைகளில் எழுத்து மாறியதும், அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டு, நீ வேணாம்னு சொல்லிட்டா?”

இந்தப் பதிலுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார முடியுமா? பின் இருக்கைக்குப் போய், தலையணைகளுக்கு நடுவில் படுத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

[‘இப்படி ஒரு கணவன் இருப்பானா? பாத்திரம் நம்பும்படி இல்லையே’ என்றார் இதை வாசித்த அச்சக முதலாளி. இருக்கிறார். எனக்கும் சில நாள் நம்ப முடிவதில்லை.]

3

பங்கில் அவர் டயருக்குக் காற்று பார்க்கப் போனார். நான் சொல்லாமல் இறங்கிப் போனேன். கோபமாக இருப்பவள் எதற்குச் சொல்ல வேண்டும்? திரும்பி வந்தவர் போர்வைக்குள் ஒரு மேட்டைப் பார்த்தார். அது நான்தான் என்று முடிவுகட்டி வண்டியை எடுத்துவிட்டார். எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் அலறுகிற பெட்டிகளோடு பிழைப்பு நடத்தும் மனிதருக்கு, வண்டியில் அறுபத்திரண்டு கிலோ குறைந்தது தெரியவில்லை.

[அறுபத்தெட்டு. கதை என்பதால் குறைத்தேன்.]

பங்கில் பில் போடும் பெண்ணுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. ஸ்டீயரிங் பிடித்துக் காட்டினேன். உதட்டுக்கு மேல் மீசை வரைந்தேன். இரண்டு கையையும் விரித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. காற்றடிக்கிறவரைக் கூப்பிட்டு முழுவதையும் மறுபடி நடித்துக் காட்டினாள். என்னைவிட நன்றாகவே நடித்தாள். பிறகு தன் போனை நீட்டினாள்.

அவர் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. தெரிந்த ஒரே எண் என்னுடையது. அதை அடித்தேன். என் போன் காரில், கைப்பைக்குள் கிடந்தது.

“உன் போன் அடிக்குது பாரு, எடு,” என்று அவர் போர்வையிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறை அடித்தபோது, “கோவம் என்மேலதானே? போன் என்ன பண்ணுச்சு?”

அந்தப் பெண்ணின் நடிப்பைப் பார்த்து வந்த சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. தேடி வருவாரா என்பதல்ல பயம். நான் இல்லை என்பதே அவருக்கு எப்போது தெரியும்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுப்பும்போதா?

நான்காவது முறை அவரே எடுத்தார்.

“எங்கே இருக்கே?”

“விட்ட இடத்துல.”

4

கார் வந்து நின்றது. கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. முகம் வெளுத்திருந்தது.

“அப்போ நான் பேசினது எதையுமே நீ கேக்கலையா?”

“என்ன பேசினீங்க?”

“நாப்பது கிலோமீட்டர் பேசினேன்.”

வீட்டில் நாற்பது நாளைக்குச் சேர்த்தும் அவ்வளவு பேசமாட்டார். இந்தக் கதையின் நடுப்பகுதியே அந்தப் பேச்சுதான். அது என்னிடம் இல்லை. கற்பனையில் எழுதிப் பார்த்தேன்: ‘உன்னைக் கேளாமல் முடிவெடுத்த என் பேதைமையை எண்ணி’

பின்னாளில் அதை வாசித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பேதைமையா? நான் அப்படியா பேசுவேன்?”

“அப்போ என்ன சொன்னீங்க, சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன்.”

“அது வந்துச்சு, போயிடுச்சு. பட்டனை அமுக்கினா திரும்ப வர்றதுக்கு அது என்ன லிஃப்ட்டா?” இரண்டாவது தாளையும் தள்ளினார். “இதுல நான் அழுதேன்னு போட்டிருக்கே.”

“அழலையா?”

“ஏசி நேரா மூஞ்சில அடிச்சுது.”

ஆகவே அந்த நாற்பது கிலோமீட்டர் இங்கே காலியாக இருக்கும்.

5

பங்கில் நின்றபடி அவர் இன்னொன்றும் சொன்னார்.

“கடைசியா உன்னை ஒண்ணு கேட்டேன். பதில் வரல. நீ கோவத்துல இருக்கேன்னு கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம்தான் வண்டிய ஓரங்கட்டிட்டுப் போர்வையை இழுத்தேன்.”

“என்ன கேட்டீங்க?”

பில் போடும் பெண்ணும் காற்றடிக்கிறவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மொழி தெரியாது என்ற தைரியத்தில் மறுபடி கேட்டார்.

“அங்கே போகலாமா, வீட்டுக்கே திரும்பிடலாமா? நீ சொல்லு. கம்பெனியில நான் பேசிக்கறேன்.”

இரண்டு மாநிலம் தாமதமாக வந்த கேள்வி. இருந்தாலும் வந்துவிட்டது.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரோடு போகிறாள். அது பத்திரிகைக்குப் பிடிக்கும். இன்னொன்றில் பஸ் பிடித்துத் தனியாகத் திரும்புகிறாள். அது என் தங்கைக்குப் பிடிக்கும்.

நடந்தது வேறு. “சாவியைக் குடுங்க,” என்றேன். கொடுத்தார். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். அவர் பக்கத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். பங்க் வாசலில் இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டேன். அது மின்னி மின்னி அணைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி,” என்றார்.

[பங்க் சாலையின் எந்த ஓரத்தில் இருந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மேலே போய்த் தேட வேண்டாம். இதை எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லமாட்டேன். வண்டி எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதை உங்கள் வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள். தயவுசெய்து இரண்டு பேரும் உட்கார்ந்து.]