பதினோரு தடவை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க் பழுதுபார்ப்பவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. "கீழ விழுந்தப்புறம் இதை எத்தன தடவ கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தீங்க?" அவ்வளவுதான் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று டாக்டர் கேட்டால் குறைத்துச் சொல்வோமே, அந்த மாதிரி பதில்தான் இதற்கும் எல்லோரும் சொல்வார்களாம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அன்று மழை கொட்டிக்கொண்டிருந்த..." (கொட்டவில்லை. பின்னால் தவளைகள் வருவதால் மழையையும் கூப்பிட்டுவிட்டேன்.)

"ஏழு வருட உழைப்பு ஒரே நொடியில்..." (செய்தித் தலைப்பு மாதிரி இருக்கிறது.)

"கணவன் காலில் வயர் தடுக்கியது." இது இருக்கட்டும்.

2

கணவன் காலில் வயர் தடுக்கியது. மேசை ஓரத்தில் இருந்த டிஸ்க் தரையில் விழுந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி. பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குள் மனைவியின் ஏழு மழைக்காலங்கள் இருந்தன.

மனைவி தவளைச் சத்தங்களைப் பதிவு செய்து ஆராய்கிறவள். முழங்கால் தண்ணீரில், தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று மைக்குக்குக் குடை பிடித்து நிற்பாள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்தொன்பது நாள்தான். இன்னொரு பிரதி? இருந்தது, மூன்றாம் வருடம் வரைக்கும். மீதியையும் காப்பி எடுக்கணும் என்று அவள் நாலு வருடமாகச் சொன்னாள். நான் எடுத்துத் தர்றேன் என்று அவனும் நாலு வருடமாகச் சொன்னான்.

டிஸ்க் விழுந்தபோது அவள் கல்லூரியில் இருந்தாள். அவன் மாட்டிப் பார்த்தான். உள்ளே டிக், டிக். கழற்றி ஊதினான்.* மறுபடி மாட்டினான். வயரை மாற்றினான், லேசாகத் தட்டினான், தலைகீழாகப் பிடித்தான், சாமியைக் கும்பிட்டான். இப்படியே பதினோரு தடவை. கடைசித் தடவை டிக் சத்தம் போய், எதையோ சுரண்டுகிற சத்தம் வந்தது. அதோடு கழற்றி வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னான். "கீழ விழுந்துடுச்சு. ஒரு தடவ போட்டுப் பாத்தேன், வரல."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். (சொல்லியிருப்பானா? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டே இருக்கிறது.)

* ஊதுவதால் எந்தப் பயனும் இல்லையாம். ஆனால் ஊதும்போது ஏதோ செய்கிற மாதிரி இருந்தது.

3

மறுநாள் இருவரும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்கள். பழுதுபார்ப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டிஸ்க்கைக் காதருகே வைத்து மெதுவாக அசைத்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

"ஒரே ஒரு தடவதான்," என்றான் கணவன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இவர் இதுலல்லாம் ரொம்ப ஜாக்கிரதைங்க. ஒரு தடவைன்னா ஒரு தடவதான்."

(அந்த இடத்தில் கணவனின் முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அவனால் பார்க்க முடியவில்லை.)

"அப்ப சரி," என்றார் பழுதுபார்ப்பவர். "நாளைக்கு நாலு மணிக்கு நேரா மாட்டி, காப்பி எடுக்கப் பாக்குறேன். பல தடவ ஓடியிருந்தா விஷயமே வேற. மொதல்ல பெட்டியத் திறந்து, உள்ள படிக்கிற ஹெட்டை மாத்தணும். மாத்தாம ஓட்டினா, பதிவெல்லாம் இருக்கிற தட்டையே சுரண்டி எடுத்துடும். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்குத் திரும்பும்போது அவள், "வந்துடும்ல?" என்று கேட்டாள். அவன், "வந்துடும்," என்றான். அடுத்த தெருமுனையிலும் அதையே கேட்டாள்.

4

முடிவுகள்.

அ) நேராக மாட்டியும் எல்லாம் வந்துவிடுகிறது. ஒரு தவளைகூடக் குறையவில்லை. பொய் யாருக்கும் தெரியவில்லை. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே பயமாக இருக்கிறது.)

ஆ) நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வருகிறது. அவள் எடுக்கிறாள். "மேடம், கொஞ்சம் உக்காந்துக்கோங்க" என்று அந்தப் பக்கம்... (முடியவில்லை. விடுங்கள்.)

இ) நாலு மணிக்குள் கணவன் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

இவ்வளவு எளிதானதை ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். ஏனென்றால் அவன் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மேசையில் உட்கார்ந்து ஒரு கதைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருக்கிறான். அந்த நாலு மணி இன்றைய நாலு மணி. இப்போது மூன்று நாற்பது. "கணவன், கணவன்" என்று நான் யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

போனை எடுக்கிறேன்.

5

"பதினொண்ணுங்க," என்றேன்.

பழுதுபார்ப்பவர் எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பதினொண்ணா! இப்பதான் வயரைக் கையில எடுத்தேன் சார்."

"மாட்டிட்டீங்களா?"

"இல்ல. ஆனா திறக்கணும்னா ஒரு ஃபார்ம் இருக்கு. காரணம் எழுதி, மேடம் கையெழுத்துப் போடணும்."

"நான் போட்டா ஆகாதா?"

"டிஸ்க்கு அவங்க பேர்ல இருக்கு சார். அவங்க தவளை, அவங்கதான் போடணும். அதுவரைக்கும் தொட மாட்டேன். வந்துடும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

ஃபார்மை அனுப்பினார். பிரிண்ட் எடுத்துவிட்டேன். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

என் கதைகளை எப்போதும் முதலில் வாசிக்கிறவள் அவள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, முடிவு பொய்யாக இருந்தால் தயவுதாட்சண்யம் இல்லாமல் அடித்துவிடுவாள். ஆகவே, இதுவரை "நீங்கள்" என்று மரியாதையாக நான் பேசிக்கொண்டிருந்தது உன்னிடம்தான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ எனக்காகச் சாட்சி சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்தத் தாள்களுக்கு அடியில் ஃபார்ம் இருக்கிறது. காரணம்: விழுந்த பின் பதினோரு தடவை மாட்டப்பட்டது. மாட்டியது நான். அதற்குக் கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

முடிவை நான் எழுதவில்லை. இரண்டு பேனா வைத்திருக்கிறேன். நீலம் ஃபார்முக்கு. சிவப்பு எனக்கு.