மருதாசலம் வீட்டுக் குடும்பம்

பான் கார்டு காலைத் தபாலில் வந்தது. அன்று மத்தியானமே குடும்பம் வந்து சேர்ந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. வயது இருபத்தெட்டு. அட்டையில் பிறந்த தேதி என்ற இடத்தில் மருதாசலத்துக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த தேதி போட்டிருந்தது. கூட்டுக் குடும்பத்துக்கு அட்டை வாங்கினால் அப்படித்தான் போடுவார்கள்.

வரிச் சட்டத்தில் குடும்பம் என்பவர் தனி ஆள். வீட்டில் இருப்பவர்களின் வருமானம் வேறு, அவர் வருமானம் வேறு. வருகிறதை இரண்டு ஆள் பேரில் பிரித்துக் காட்டினால் வரி குறையும். கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனிகளின் ஆர்டர் பாதியாகிப்போன அந்த வருஷம், கணபதிப் பகுதி ஆடிட்டர்கள் எல்லோரும் சிறு பட்டறைக்காரர்களுக்கு இதையே சொன்னார்கள். தெய்வானையின் தெருவில் மட்டும் ஒன்பது குடும்பங்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சாயங்காலங்களில் அவர்கள் மாநகராட்சிப் பூங்காவில் ஒன்றாக நடந்தார்கள். ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

"பாய் போதுமுங்களா, கட்டில் வேணுமுங்களா?" என்று மருதாசலம் கேட்டார்.

"கட்டில்" என்றார் குடும்பம்.

மருதாசலம் தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

தெய்வானைக்கு வந்தவரைப் பார்த்ததிலிருந்தே மனசு ஒப்பவில்லை. நெற்றிக்கு மேலே மருதாசலத்தின் வழுக்கை தொடங்கியிருந்தது. உட்கார்ந்தால் மகன் சஞ்சீவைப் போல இடது காலை ஆட்டினார். சிரித்தால், மகள் ஹரிணிக்கு வருவதுபோலவே சிரிப்பின் கடைசியில் ஒரு விக்கல் வந்தது. தெய்வானை அவரிடத்தில் தன் சாயலைத் தேடினாள். காதில் பார்த்தாள். நகத்தில் பார்த்தாள். துண்டை உதறும்போது மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் தென்படவில்லை.

"எதுக்கு அவர இப்படி உத்து உத்துப் பாக்கற?" என்றார் மருதாசலம்.

"பாத்தாத் தேஞ்சா போயிருவாரு?"

"நம்ம குடும்பம் தெய்வான."

"உங்க குடும்பம்னு சொல்லுங்க."

பக்கத்து வீட்டுக் கனகாவும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எச்சரித்தாள். "நம்பாதீங்கக்கா. எங்க வீட்டுக்கு வந்தவரு மூணு வேளையும் தயிர் கேக்கறாரு. எங்க மாமியாளே தேவலாம்னு ஆயிருச்சு. பட்டறைல ஆர்டர் கொறையக் கொறைய இவுங்களுக்குக் கன்னம் உப்புது பாத்தீங்களா?"

தெய்வானையும் அதைப் பார்த்திருந்தாள். மருதாசலத்தின் பட்டறையில் இரும்பு கடையும் நான்கு லேத்தில் ஒன்று நின்ற வாரம், குடும்பத்தின் பெல்ட் ஒரு துளை தளர்ந்தது. இரண்டாவது நின்றபோது புது பெல்ட் வாங்கினார்கள்.

வீட்டில் பேச்சும் மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்தக் கடையில் எண்ணெய் வாங்குவது என்பதிலிருந்து ஹரிணியை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதுவரை மூன்று பேர் மூன்று விதமாகக் கத்துவார்கள். இப்போது மருதாசலம், "குடும்பம் சொல்லட்டும்" என்றுவிட்டுத் தினசரியை விரித்துக்கொண்டார். குடும்பம் யோசித்து ஒரு வார்த்தை சொல்வார். அது நடக்கும். வீட்டை அவர் பேருக்கு மாற்றினார்கள். டெபாசிட்டை மாற்றினார்கள். ஸ்கூட்டரையும் மாற்றினார்கள். மருதாசலத்தின் பேரில் மிஞ்சியது மூக்குக்கண்ணாடியும் ஒரு ஜோடி செருப்பும்தான். ஆள் நடக்கும்போது முன்னைப்போல் தரை அதிரவில்லை.

குடும்பத்தின் பேருக்குப் போகாமல் மிஞ்சியது ஒரே ஒரு இடம். சின்னவேடம்பட்டியில் பட்டறை இருந்த ஐந்து சென்ட் நிலமும், அதன் பின்னால் இரண்டு அறையும் தெய்வானை பேரில் இருந்தன. பன்னிரண்டு வருஷம் நைட்டி தைத்து, சீட்டுப் போட்டு, கழுத்தில் கிடந்ததை விற்று அவள் வாங்கியது. அவள் பேரில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே குடும்பம் கேட்டார். "பத்திரம் எங்க இருக்குதுங்க?"

"எதுக்குங்க?"

"சும்மா."

அன்றிலிருந்து தெய்வானை பத்திரத்தைத் தினமும் இடம் மாற்றினாள். திங்கட்கிழமை அரிசி டிரம்மில். செவ்வாய் தையல் மெஷினின் வயிற்றில். புதன்கிழமை பழைய காலண்டர்களுக்கு நடுவில். இடம் மாற்றியபின் நிமிர்ந்து பார்த்தால், நிலைப்படி ஓரத்தில் குடும்பம் தண்ணீர் டம்ளரோடு நிற்பார். டம்ளரில் தண்ணீர் குறைந்திருக்காது.

மூன்றாவது லேத்தும் நின்றது. மருதாசலம் அவள் காய் நறுக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்த எடத்தக் குடும்பத்துக்குத் தானமா எழுதிக் குடுத்துரு தெய்வான. அவரு பேருல இருந்தா பேங்க்ல லோன் கெடைக்கும். மார்ச்சுக்குள்ள ஏதாச்சும் பண்ணலைன்னா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்."

"எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு அவரு என்னை வெளிய போன்னு சொன்னா?"

"குடும்பத்த விட்டு யாராச்சும் வெளிய போகச் சொல்லுவாங்களா?"

"சொல்லமாட்டாருன்னு அவரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

மருதாசலம் எழுந்து போய்க் கேட்டார். குடும்பம் வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அதற்குள் தெய்வானையே ஆடிட்டரைப் பார்க்கப் போனாள். ஆடிட்டர் நடனசபாபதியின் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. படி ஏறும்போதே பன் வாசம் வந்தது. உள்ளே ஒவ்வொரு ஃபைலிலும் அந்த வாசம் ஏறியிருந்தது.

"குடும்பத்தைத் திருப்பி அனுப்ப முடியுமுங்களா?" என்று கேட்டாள்.

"முடியும். எல்லாரும் சம்மதிச்சு முழுப் பாகப்பிரிவினை பண்ணணும். கொஞ்சம் அனுப்பிட்டுக் கொஞ்சம் வெச்சுக்கறது செல்லாது" என்றார் அவர். "ஆனா தொழில் படுத்திருக்கும்போது குடும்பத்தை அனுப்பறது புத்திசாலித்தனம் இல்லம்மா."

"அவரு எங்க குடும்பந்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

நடனசபாபதிக்கு அது வழக்கமான கேள்வி. ஃபைலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். முத்திரைத்தாளில் குடும்ப உறுப்பினர் பட்டியல் இருந்தது. தெய்வானையின் கையெழுத்து. மருதாசலத்துக்கு எழுத்து கோணும் என்பதால் வீட்டு விண்ணப்பங்களை எல்லாம் அவள்தான் எழுதுவாள். ஒன்று, மருதாசலம். இரண்டு, சஞ்சீவ். மூன்று, ஹரிணி. அதோடு பட்டியல் முடிந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் அவள் கையொப்பம் போட்டிருந்தாள்.

அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "வீட்ல யார் யாருன்னு எழுதிக் குடு" என்று மருதாசலம் தாளை நீட்டினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தோசைக்கு எண்ணுகிற மாதிரியே எண்ணினாள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எண்ணினாள். மூன்று பேர். எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

"நான் இல்லைங்களே" என்றாள்.

"இல்லை" என்றார் நடனசபாபதி. தாளை மறுபடி படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. நீங்க வெளியாள். வெளியாளுக்குக் குடும்பம் வாடகை குடுத்தா அது சுத்தமான செலவு. தானமே வேண்டாம். பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டுக்கலாம். அந்த அக்ரிமென்டைக் காட்டினா பேங்க்காரன் லேத் மேல கொஞ்சம் லோன் குடுப்பான்."

"எடம் என் பேர்லயே இருக்குமுங்களா?"

"உங்க பேர்லயேதான்." அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். "இன்னொண்ணு. வெளியாள் குடும்பத்தோட வீட்ல சும்மா தங்கக் கூடாது. இன்கம்டாக்ஸ் ஆபீஸ்லருந்து கேள்வி வரும்."

"அப்ப நான் எங்க தங்கறதுங்க?"

"உங்க எடத்துலயே பின்னாடி ரெண்டு ரூம் இருக்கே."

தெய்வானை ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

சஞ்சீவ் டெம்போ பிடித்து வந்தான். தையல் மெஷின், ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு குண்டா ஏறின. "டெம்போ வாடகை ஓனர் பக்கமா, எங்க பக்கமாம்மா?" என்று கேட்டான். பாதிப் பாதி என்று முடிவாயிற்று. ஹரிணி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடும்பம் அதைப் பரிசு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அதன்பின் பட்டறை ஓடியது. ஒரு லேத், சில வாரம் இரண்டு. தெய்வானையின் அறைச் சுவர் காலை ஒன்பதிலிருந்து மெதுவாக நடுங்கும். இரும்பு சீவப்படும் சத்தத்தை வைத்து, உள்ளே நிற்பது கணவரா மகனா என்று அவளால் சொல்ல முடிந்தது. மருதாசலம் நிதானமாகச் சீவுவார். இடையில் ஒரு மூச்சு நேரம் சத்தம் நிற்கும். சில நாள் அந்த மூச்சு நீளும்போது அவள் தையலை நிறுத்திக் காத்திருப்பாள்.

ஐந்தாம் தேதிகளில் அவர் வாடகையோடு வந்து வாசலில் நிற்பார்.

"தண்ணி பத்தலீங்க ஓனரம்மா."

"மோட்டாரப் பாக்கச் சொல்றேனுங்க."

அவள் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது கொடுப்பாள். ஒரு மாதம் அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அக்ரிமென்டின் ஏழாவது பிரிவுப்படி சில்லறைப் பழுதுகள் வாடகைக்காரரின் பொறுப்பு. அடுத்த மாதமும் அந்தப் பொத்தான் இல்லை.

சில நாட்களில் குடும்பமும் வருவார். உள்ளே வரமாட்டார். வேலி ஓரமாக அடி வைத்து நடந்து, உதடு அசைய எண்ணுவார். அவர் போனதும் தெய்வானையும் அதே இடத்தில் அடி வைத்து எண்ணிப் பார்ப்பாள். அவளுக்கு எப்போதும் இரண்டு அடி கூடுதலாக வந்தது. எல்லைக்கல்லைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள்.

பதினோரு மாதம் முடிந்தபோது அக்ரிமென்டைப் புதுப்பிக்க யாரும் வரவில்லை. தொழில் மந்தம் விடவில்லை. வாடகை கொடுத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு நஷ்டம், வாங்கி வாங்கித் தெய்வானைக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம். நடனசபாபதி போனில் மருதாசலத்திடம் விளக்கினார். இனி அந்த அம்மா உள்ளே இருப்பதுதான் லாபம். ஆனால் தாக்கல் ஆகிவிட்ட பட்டியலில் பேர் சேர்க்க முடியாது. குடும்பத்துக்குள் வர இரண்டு வழிதான் உண்டு. ஒன்று பிறப்பு, மற்றது கல்யாணம். பிறப்புக்கு அந்த அம்மாவுக்கு வயது கொஞ்சம் அதிகம்.

வளர்பிறை வெள்ளிக்கிழமை நான்கு பேரும் பெண் பார்க்க வந்தார்கள். குடும்பம் வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்தார். சஞ்சீவ் ஆப்பிள் தட்டைத் தூக்கி வந்தான். ஹரிணி கையில் மல்லிகைப்பூ. மருதாசலம் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வானை காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதின்னு முன்னாடியே விசாரிச்சிருக்காங்க" என்று குடும்பம் திருப்தியோடு மற்றவர்களைப் பார்த்தார். "பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?"

"பத்தாவதுங்க."

"சொந்தமா எடம் இருக்குதுன்னு கேள்விப்பட்டோம்."

"இருக்குதுங்க."

"மாப்பிள்ளை ஏதாச்சும் கேக்கணும்னாக் கேக்கலாம்."

மருதாசலம் தொண்டையைச் செருமினார். "தனியா இருக்கறது சிரமமா இல்லீங்களா?" என்றார்.

"பழகிருச்சுங்க" என்றாள் அவள். "உங்களுக்கு?"

அவர் காபியை ஊதிக் குடித்தார்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குது" என்றார் குடும்பம். "நிச்சயத்த இந்த மாசமே வெச்சுக்கலாம். மார்ச்சுக்கு முன்னாடி முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது. நீங்க என்ன சொல்றீங்க?"

"விசாரிச்சுட்டுச் சொல்றேனுங்க" என்றாள் தெய்வானை.

அது நியாயம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவள் பஸ் ஏறிக் கணபதிக்குப் போனாள். மருதாசலம் வீட்டுக்கு எதிரே ரங்கசாமியின் மளிகைக்கடை இருந்தது. தெருவில் யார் வீட்டு விஷயமும் அவருக்குத் தெரியும் என்பதால், பெண் கொடுக்கிறவர்கள் அவரிடம்தான் விசாரிப்பார்கள். கடையில் கூட்டம் குறையும்வரை தெய்வானை ஓரமாக நின்றாள்.

"எதுத்தாப்பல இருக்கற மருதாசலம் வீட்டுக் குடும்பம் எப்படிங்கண்ணா? ஒரு சம்பந்த விஷயமா கேக்கறேன்."

ரங்கசாமி தராசைத் துடைத்தபடி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்ல குடும்பந்தானுங்க. கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. வரியெல்லாம் ஒழுங்காக் கட்டறாரு."

"அப்புறம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க. அந்த வீட்ல முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. இருவத்தெட்டு வருசம் என் கடைலதான் சாமான் வாங்குனாங்க. ஒரு நா டெம்போல பெட்டிய ஏத்திக்கிட்டுப் போனவங்கதான். என்ன ஆனாங்கன்னு யாருக்கும் தெரியல."

"அவங்க பேருல எடம் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுன்னுதான் பேசிக்கிட்டாங்க."

தெய்வானை கால் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டாள். முதலில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட வேண்டும், பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.